ஐம்பத்தாறுக்குக் கீழே

வெள்ளிக்கிழமை காலை. சமையலறை வாசலில் கிடந்த எடைக் கருவியில் மருமகள் ஏறி நின்றாள். எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் மாமனாரான பாய்லர்காரர் எட்டிப் பார்த்தார். ஐம்பத்தேழு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

"மெஷின் சரியில்லம்மா," என்றார். "அந்த இடத்துல தரை கொஞ்சம் கோணல்."

"தரை கோணலா இருந்தா கொறைச்சுத்தான் மாமா காட்டும்."

இறங்கினாள். கருவியைக் காலாலேயே தள்ளி ஜன்னலுக்குக் கீழே வைத்து மறுபடி ஏறினாள். அதே ஐம்பத்தேழு தொள்ளாயிரம். மரியாதைக்குக்கூட ஒரு கிராம் குறையவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எடை பார்ப்பார்கள். அமெச்சூர் கிக்பாக்ஸிங் சாம்பியன்ஷிப். பெண்கள், ஐம்பத்தாறு கிலோவுக்குக் கீழ் என்ற பிரிவில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். அந்தப் பிரிவில் நிற்க வேண்டுமானால் நாளைக் காலைக்குள் இன்னும் இரண்டு கிலோ அவள் உடம்பை விட்டுப் போக வேண்டும். கொழுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பது தண்ணீர்தான். அதையும் பிழிந்து எடுக்க வேண்டும்.

நான்கு மாதமாக உப்பில்லாத முட்டை, உப்பில்லாத வெள்ளரிக்காய். இரண்டு நாளாகத் தண்ணீரும் பாட்டில் மூடி அளவுக்குத்தான். எச்சிலைக்கூட விழுங்காமல் ஒரு பழைய பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தாள். அதுவும் எடைதானாம். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றியிருந்தது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடக் கூசி, பாய்லர்காரர் காலைச் சாப்பாட்டை வேலை செய்யும் இடத்துக்கே கட்டிக்கொண்டு போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது.

"மாமா, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டீங்களே?"

"திட்டற மாதிரி ஏதோ கேக்கப் போறேன்னு தெரியுது. கேளு."

"நாலு நாளா மழை. வெயில்ல ஓடினாத்தான் வேர்வை வரும். இந்தக் குளிர்ல பிளாஸ்டிக் சூட் போட்டுக்கிட்டு எவ்வளவு ஓடினாலும் ஒண்ணும் எறங்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க லாண்டரியில கம்பளி காயப் போடற ரூம் இருக்குல்ல?"

அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"இருக்கு. கம்பளி காயறதுக்கு. மனுஷங்க காயறதுக்கு இல்ல."

"பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவ, மாமா. நீங்க வெளியிலயே நில்லுங்க."

"முடியாதும்மா. முன்ன ஒருத்தன் மறந்துபோய் உள்ளயே உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருந்தான். தூக்கிட்டுத்தான் வந்தோம். ஒரு வாரம் பேச்சு கொழறிச்சு அவனுக்கு."

"சரி விடுங்க. மாஸ்டர் ஜிம்ல பாத்ரூம்ல வெந்நீரத் தெறந்துவிட்டுக் கதவச் சாத்திக்கிறேன். அங்க தாழ்ப்பாள் சரியில்ல, உள்ள மாட்டிக்கும். பரவால்ல."

மிரட்டவில்லை. அவள் சுபாவமே அதுதான், இருப்பதைச் சொல்வாள். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "நாலு மணிக்கு வா," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மகன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. போனால் ஒன்பது மாதம். அவர் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அடுப்படியில் நின்றுகொண்டு, "லேசா தல சுத்துது," என்றாள் ஒரு காலையில். "கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது அவள் படுத்த இடத்திலேயே இருந்தாள். அன்றிலிருந்து யாருக்காவது தலை சுற்றினால் இவருக்கு முதலில் கால் சுற்றும்.

மருமகள் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குடிகார லாரிக்காரன் சில்லறைத் தகராறில் அவள் மணிக்கட்டை முறுக்கிக் கீழே தள்ளினான். ஒரு வாரம் கையில் கட்டோடு இருந்தவள், கட்டுப் பிரித்த அன்றே ஃபர்னிச்சர் கிடங்குக்கு மேல் மாடியில் மாஸ்டர் நடத்தும் ஜிம்மில் போய்ச் சேர்ந்தாள். "போய்ட்டு வாம்மா, உடம்புக்கு நல்லது," என்று இவர்தான் அனுப்பினார். ஏதோ கயிறு தாண்டுவது மாதிரி என்று நினைத்தார்.

போன வருடம் அது என்னவென்று பார்த்தார். அறுபது கிலோ பிரிவில் அரையிறுதி. எதிரில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள். இரண்டாவது சுற்றில் அந்தப் பெண்ணின் இடது கால் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. மருமகள் கண்ணைத் திறந்தபடியே விழுந்தாள். திறந்த கண்ணில் பார்வை இல்லை. ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஒற்றைச் செருப்போடு ஓடினார் பாய்லர்காரர். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். டாக்டருக்கு ஒன்றுமில்லை. இவருக்கு அந்தக் கண் போகவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவளிடம் சொன்னார்: "போகாதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா போறதா இருந்தா அந்தப் பொம்பள இல்லாத பிரிவாப் பாத்துப் போ."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த வருடம் ஐம்பத்தாறில் பெயர் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல ஆளு கம்மி மாமா, மெடல் ஈஸி," என்றாள். அவர் நம்புவது போல இருந்தார். அன்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் நான்கு மாதமாக அவள் கன்னத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

சலவைக்கூடத்துக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் நான்கு ஹோட்டல்களிலிருந்தும் துணி வரும். அன்று மழைக்கு எங்கேயும் எதுவும் காயாமல் மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்தது. பாய்லர்காரர் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார், அடியில் படிந்த கசடைத் திறந்துவிட்டார், நீராவியை ஏற்றினார். இருபத்தெட்டு வருடப் பழக்கம். கை தானாக வேலை செய்தது. பெரிய உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பை இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் கொடுக்க, அந்தப் பக்கம் அது அப்பளம் மாதிரி மொடமொடவென்று வந்து விழுந்தது. உள்ளே போன ஈரம் ஆவியாகக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாளில் அதை அவர் கவனித்ததே இல்லை. இன்று பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து வெளியே போய் மழைச் சாரலில் நின்றார்.

மத்தியானம் மகன் கப்பலிலிருந்து கூப்பிட்டான்.

"எப்படிப்பா இருக்கா? எடை வந்துடுச்சா?"

"அவளையே கேளேன்."

"கேட்டேன்ப்பா. ஜம்முனு இருக்கேன்னா."

"ஜம்முனா? கன்னம் ரெண்டும் உள்ள போயி, பல்லுதான்டா தெரியுது. தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறா."

"எல்லாரும் அப்படித்தான்ப்பா பண்றாங்க. நீங்க சும்மா பயந்து அவளையும் பயமுறுத்தாதீங்க. இங்க எங்க செகண்ட் இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கேன், என் பொண்டாட்டி பாக்ஸர்னு. முன்னல்லாம் கத்துவான். இப்ப ப்ளீஸ் போட்டுப் பேசறான்."

"உனக்கென்னப்பா, நடுக்கடல்ல உக்காந்துக்கிட்டுக் கை தட்டலாம். இங்க ஒண்ணு ஆச்சுன்னா..."

அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. லைன் போய்விட்டிருந்தது.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போனதும் கூடம் காலியானது. மருமகள் பின் வாசல் வழியாக வந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் சூட், தலைக்குமேல் அதன் முக்காடு. உலர்த்தும் அறைக் கதவில் பொருத்தியிருந்த முள் அறுபத்திரண்டு டிகிரி காட்டியது. மேல் திறப்பைத் திறந்துவிட்டு ஐம்பதுக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேல் குறைய அவள் விடவில்லை.

"இங்க பாரு. நிமிஷத்துக்கு ஒரு தடவ நான் கதவத் தட்டுவேன். நீ ரெண்டு தட்டு தட்டணும். தட்டலேன்னா தெறந்துடுவேன். அப்பறம் கோவிச்சுக்கக் கூடாது."

"சரி மாமா."

வரிசையாகத் தொங்கிய பழுப்புக் கம்பளிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். கதவு சாத்தியது.

முதல் பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. அவர் ஒன்று தட்டினால் உள்ளேயிருந்து இரண்டு. வெளியே வந்தவள் முகத்தில் வேர்வை சரம் சரமாக இறங்கியது. துண்டால் வழித்துப் பிழிந்து, "பாருங்க, வருது," என்று சிரித்தாள். இரண்டாவது பத்து நிமிடமும் போனது. வெளியே வந்தபோது சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும்மா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

மூன்றாவது முறை நான்காம் நிமிடம் வரைக்கும் இரண்டு தட்டு வந்தது. ஐந்தாவதற்கு ஒன்றுதான் வந்தது. அவர் காதைக் கதவில் வைத்தார். குழாயில் நீராவி ஓடும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். ஒன்றும் வரவில்லை. கதவுக் கைப்பிடியைத் திருப்பினார், கை வழுக்கியது. அந்த ஒரு நொடியில் அவருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. அவள் சுவரோரம் சரிந்து தலை தொங்கி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வேர்வையே இல்லை, தொட்டால் சுட்டது. அக்குளில் கைகொடுத்துத் தரதரவென்று வெளியே இழுத்துப்போட்டார். பிளாஸ்டிக் சூட்டைக் கிழித்தார். துவைத்துப் பிழியாமல் கிடந்த ஈர விரிப்பு ஒன்றை அப்படியே அவள்மேல் போர்த்தினார். கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று பிறகு அவருக்கே நினைவில்லை. நடுவில் செத்துப்போன மனைவியைக் கூப்பிடும் பெயரும் வந்தது.

கண் திறந்தாள். அந்தக் கண்ணில் பார்வை இருந்தது.

"தண்ணி. குடி. குடிம்மா."

பாட்டிலை உதட்டில் வைத்தார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தண்ணீர் தாடை வழியாகக் கழுத்தில் வழிந்தது.

"குடிச்சுத் தொலையேன்!" அவள் மருமகளாக வந்த நான்கு வருடத்தில் அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டே பேசினாள். "குடிச்சா நாலு மாசமும் போச்சு மாமா."

"உசுரு போனா?"

"போகாது. லேசா தல சுத்திச்சு, அவ்வளவுதான்."

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். அவள் பக்கத்திலேயே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர்கிட்ட சொல்லாதீங்க," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

அவர் கிழிந்த சூட்டைச் சுருட்டி மூலையில் போட்டார். அதை அவள் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து எடைக் கருவியில் ஏறினாள்: ஐம்பத்தாறு எழுநூறு. ராத்திரி மூச்சிலும் வேர்வையிலும் முந்நூறு போகும், காலையில் கயிறு ஆடினால் மிச்சமும் போகும் என்று கணக்குச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் வெறும் தரையில் படுத்தாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று விடியும்வரை எழுந்து எழுந்து பார்த்தார் அவர்.

சனிக்கிழமை காலை உள்விளையாட்டு அரங்கத்தில், ஒரு பக்க அறைக்குத் திரை போட்டு எடைக் கருவியை வைத்திருந்தார்கள். வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒரு துண்டு. எடை முடிந்து வந்தவர்கள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்து உரித்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். முடியாதவர்கள் அந்த வாசனை படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பாய்லர்காரர் திரைக்கு வெளியே மாஸ்டரோடு நின்றார். மாஸ்டர் என்றால் நாற்பது வயது ஆள்; உடைந்த மூக்கு, மென்மையான பேச்சு.

உள்ளேயிருந்து எடை பார்க்கும் அம்மாளின் குரல் வந்தது. "ஐம்பத்தாறு நானூறு."

"துண்டப் பிடிங்க. டிரஸ் இல்லாமப் பாத்துடலாம்," என்றது இன்னொரு குரல்.

"ஐம்பத்தாறு முந்நூத்தம்பது. ஒன்பது மணிவரைக்கும் டைம் இருக்கும்மா. மறுபடி வந்து நில்லு."

வெளியே வந்தாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

"முந்நூத்தம்பதுதானே," என்றார் மாஸ்டர். "ஒரு மணி நேரம் இருக்கு. சூட்டப் போட்டுக் கயிறு எடு."

"சூட்டு கிழிஞ்சு போச்சு மாஸ்டர். கயிறுல வராது. இனிமே வேர்வையே வர மாட்டேங்குது." மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, லாண்டரிச் சாவி வெச்சிருக்கீங்கல்ல? ரெண்டு தெருதானே. ஒரே பத்து நிமிஷம்."

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் கை தானாக அங்கே போனது, அங்கேயே நின்றது.

"மாஸ்டர்," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. "நேத்து இவ மயக்கம் போட்டு விழுந்துட்டா."

"மாமா!"

"அந்த ரூம்ல, நான்தான் தெறந்துவிட்டேன். இழுத்துட்டு வந்து போட்டேன். ஒடம்புல பொட்டு வேர்வை இல்ல. தண்ணி குடுத்தா வாயத் தெறக்கல."

மாஸ்டரின் முகம் கறுத்தது. "ஏன் என்கிட்ட சொல்லல? ரெண்டு பேரையும்தான் கேக்கறேன். செத்துப் போனவங்கள நான் பாத்திருக்கேன், தெரியுமா? அடிச்சு இல்ல, இப்படிக் காஞ்சு." கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிப் பையில் திணித்தார். "முடிஞ்சுது. ஐம்பத்தாறு கெடையாது."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே வழுக்கி உட்கார்ந்தாள். அழ முயன்றாள், கண்ணில் தண்ணீர் இல்லை.

"வேற வழி ரெண்டுதான்," என்றார் மாஸ்டர். "பேர வாபஸ் வாங்கலாம். இல்லன்னா பத்து மணிக்கு முன்னாடி எழுதிக் குடுத்தா மேல் பிரிவுக்கு மாத்துவாங்க. அறுபதுல மூணு பேருதான் இருக்காங்க, எடுத்துப்பாங்க. போட்டி நாளைக்கு. அதுக்கு முன்னாடி டாக்டர் பாக்கணும். அவர் சரின்னாத்தான்."

"அறுபதுல அவ இருக்கா," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தாள். "எனக்கும் அவளக் கண்டா பயம்தான் மாமா. ஒரு வருஷமா அந்தக் காலு கனவுல வருது. உங்களுக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சீங்களா?"

அவர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

"நான் சொல்லித்தானேம்மா நீ எறங்கி வந்தே."

அவள் பாட்டிலையே பார்த்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன். மொதல்ல தண்ணி குடி. வீட்டுக்குப் போறதா, நாளைக்கு நிக்கறதா, அதெல்லாம் குடிச்சுட்டு நீயே சொல்லு. நான் வாயே தெறக்க மாட்டேன்."

வாங்கினாள். முதல் மடக்கை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதிப் பாட்டில் காலியானதும் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"எழுதுங்க மாஸ்டர். அறுபது."

டாக்டர் ஒரு நாள் முழுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிக்கச் சொன்னார். கஞ்சி, முட்டை, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, இரண்டு முறை பார்த்து, கையெழுத்துப் போட்டார். நான்கே பேர் என்பதால் நேராக அரையிறுதி. சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு எதிரே கான்ஸ்டபிள் வந்தாள்.

அன்று பிற்பகல் மழை அரங்கத்தின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தின ஆட்டம் முடிந்து இவர்கள் இருவரையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது பாய்லர்காரர் இருக்கையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டார். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லவில்லையே. முகப்புப் படியில் சாரல் படாத ஓரமாக உட்கார்ந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், சட்டையில் அங்கங்கே நூல் துணுக்கு. மடக்கிய குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உள்ள உங்க ஆளு யாருங்க?" என்றார் அந்த மனிதர்.

"மருமக. சிவப்புக் கையுறை."

அந்த மனிதரின் முகம் மாறியது. "அப்ப நீலம்... என் வீட்டுக்காரிங்க."

இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள். உள்ளே மணி அடித்தது. கூட்டம் கத்தியது. தப், தப் என்று தோலில் தோல் மோதும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"போன வருஷம் ஒத்தச் செருப்போட ஓடினது நீங்கதானே?" என்றார் அந்த மனிதர். "இன்னொண்ண நான்தான் எடுத்து இந்த வாசப்படியில வெச்சேன்."

"யாரு வெச்சாங்கன்னு தெரியாமப் போச்சுங்க," என்றார் பாய்லர்காரர். "நீங்க ஏன் உள்ள உக்காரல?"

"தைரியம் இல்லைங்க. நான் தையக்காரன். ஊசி குத்தினாலே ரெண்டு நிமிஷம் உக்காந்துடுவேன்." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அவளும் ஒண்ணும் பெரிய தைரியசாலி இல்லைங்க. பல்லியப் பாத்தா கட்டில்மேல ஏறிடுவா."

பாய்லர்காரரின் மனதில் ஒரு வருடமாக அந்தப் பெண் ஏழடி உயரம் வளர்ந்து நின்றிருந்தாள். அவளைக் கட்டில்மேல் நிற்க வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

"அன்னிக்கு ஜெயிச்ச மெடல என் மெஷின் டிராயர்ல கழட்டிப் போட்டா. இன்னும் அங்கதான் கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தா. யூனிஃபார்ம்ல போனா கேஸுன்னு பயந்துடுவாங்கன்னு பொடவை மாத்திக்கிட்டு வந்தா. கேட்டுக்கிட்ட நின்னு, உள்ள போக முடியாமத் திரும்பிட்டா. வாட்ச்மேன்தான் சொன்னாராம், அந்தப் பொண்ணு நடந்தே வீட்டுக்குப் போயிடுச்சுன்னு. அப்பறம்தான் சோறு எறங்கிச்சு."

முதல் சுற்று முடிந்த மணி அடித்தது. இருவரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரர் மூச்சை விட்டார்.

"நேத்துக் காலையில லிஸ்ட்ல உங்க மருமக பேரு ஐம்பத்தாறுல இருந்துதுங்க. அதப் பாத்துட்டு அப்பாடான்னா. மத்தியானம் மாத்தி ஒட்டினாங்க. அதுலருந்து பேச்சே இல்ல."

"ஒதுங்கியிருக்கலாமேங்க?"

"கேட்டேன். ஒதுங்கினா அந்தப் பொண்ண நான் பாவம் பாத்த மாதிரி ஆயிடும், அது அவளுக்கு அடி வாங்கறதவிட வலிக்கும்னா. எனக்கென்னங்க புரியுது இதெல்லாம்."

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தது. போன வருடம் இரண்டாவது சுற்றில்தான். பாய்லர்காரர் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் என்றால் நூற்றிருபது. தொண்ணூறைத் தாண்டியிருப்பார், உள்ளே "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கூரையில் மழை மட்டும் கொட்டியது.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியாது. கதவில் இருவர் தோளும் இடித்தது.

மேடையில் நீலக் கையுறைக்காரி ஒரு முழங்காலில் நின்றாள். விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு வாயை வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை. நடுவர் விரல்களை விரித்து எண்ணிக்கொண்டிருந்தார். மருமகள் எதிர் மூலையில் கயிற்றில் சாய்ந்து நின்றாள், இரண்டு காலில், கண்ணில் பார்வையோடு.

அப்பாடா என்றது பாய்லர்காரரின் நெஞ்சு. அதே நேரம் தையல்காரரின் கை அவர் முழங்கையைப் பற்றியது. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. அந்த மனிதர் சத்தம் இல்லாமல் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அந்த 'அப்பாடா' பாய்லர்காரருக்கு அப்படியே தொண்டையில் கசந்தது.

"மூச்சுப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்," என்றார். "விலாவுல பட்டா அப்படித்தான். எந்திரிச்சுடுவாங்க, பாருங்க." நடுவர் ஐந்து என்றார். ஆறு என்றார். "எந்திரிம்மா," என்றார் இவர். பிறகு அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "எந்திரிம்மா! எந்திரி!"

எட்டில் எழுந்தாள். கையுறையை உயர்த்திக் காட்டினாள். பாய்லர்காரர் கை தட்டினார். இரண்டு மூன்று தட்டு தட்டிய பிறகுதான் அவள் யாரை அடிக்க எழுந்திருக்கிறாள் என்பது உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது.

மூன்றாவது சுற்று முழுவதையும் இரண்டு பேரும் கதவோரம் நின்றபடியே பார்த்தார்கள். ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. ஒரு முறை அந்த இடது கால் வந்தது. பாய்லர்காரர் அது கிளம்பும்போதே பார்த்தார். கத்த வாய் வரவில்லை. மருமகள் இரண்டு முன்கைகளையும் காதோரம் ஒட்டித் தாங்கினாள். அடியின் வேகத்தில் ஓர் எட்டுப் பக்கவாட்டில் போனாள். நின்றாள். திரும்ப முன்னால் வந்தாள்.

கடைசி மணி அடித்தது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் நீலம் என்றார்கள். ஒருவர் சிவப்பு.

அரை மணி நேரம் கழித்து அதே படியில் மருமகள் உட்கார்ந்து ரொட்டியையும் அவித்த முட்டையையும் தின்றுகொண்டிருந்தாள். முட்டைக்கு உப்புத் தொட்டுக்கொண்டாள். கீழுதடு வீங்கியிருந்தது. முன்கை இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. கழுத்தில் வெண்கலம், அரையிறுதியில் தோற்றவர்களுக்கும் உண்டாம்.

"எந்திரின்னு கத்தினது நீங்கதானே மாமா?"

"எங்கயோ ஒரு சத்தம் கேட்டுது."

"பாய்லர்ல விசில் அடிச்ச மாதிரி இருந்துது. எனக்குத் தெரியாதா?"

"அவ வீட்டுக்காரன் ரொம்பப் பயந்துட்டாம்மா. பாக்க முடியல. வாய் தவறி வந்துடுச்சு."

அவள் சிரித்தாள். உதடு இழுத்ததும் ஸ் என்றாள். இன்னொரு வாய் தின்றுவிட்டுக் கேட்டாள். "நான் தோத்ததுல உங்களுக்குச் சந்தோஷம்தானே? நாளைக்கு ஃபைனல் இல்ல."

பொய் சொல்லலாமா என்று யோசித்தார். "ஆமாம்மா," என்றார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு மென்றாள்.

"அடுத்த வருஷம் மாமா..."

அவர் காத்திருந்தார். விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு நொடி ஆசைப்பட்டார்.

"அறுபதுதான்."

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்."

வாசலில் ஒரு பஸ் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. அது திரும்பி மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபதுலயே நில்லு," என்றார். "நல்லாச் சாப்பிட்டுட்டு நில்லு. நான் வெளியில உக்காந்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். "இன்னும் பசிக்குது மாமா. கடையில ரொட்டி இருக்குமா?"

"இருக்கும். வாங்கிட்டு வர்றேன்," என்று எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மழைக்குள் இறங்கினார்.